வலதா, இடதா? அயர்லாந்தின் ஏன்ட்டூ கட்சியைப் படிக்க மூன்று கேள்விகள்

2025 அக்டோபர் 24 அன்று அயர்லாந்தில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. கேத்தரின் கானலி 63 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று வென்றார். இடதுசாரிக் கட்சிகள் அவருக்குப் பின்னால் அணிவகுத்து நின்றதால் அந்த முடிவில் பெரிய வியப்பு இல்லை. வியப்பு வேறொரு எண்ணில் இருந்தது. 2,13,738 வாக்குகள் செல்லாதவை. பதிவான வாக்குகளில் இது ஏறக்குறைய 13 சதவீதம். 2018இல் நடந்த இதே தேர்தலில் செல்லாத வாக்குகள் 1.2 சதவீதம்தான்.

அந்தச் சீட்டுகளில் பலவற்றில் வாக்காளர்கள் ஒரு பெயரைக் கையால் எழுதிவைத்திருந்தார்கள்: மரியா ஸ்டீன். அவர் வேட்பாளரே இல்லை. வேட்பாளராக நிற்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் 20 பேரின் ஆதரவு தேவை. அவருக்குக் கிடைத்தது 18. அந்த 18ஐத் திரட்டுவதில் முன்னால் நின்றது ஒரு சின்னக் கட்சி. கீழவையில் 2 பேர், மேலவையில் ஒருவர். அதன் பெயர் ஏன்ட்டூ.

அந்தக் கட்சி யார் என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு செய்தி வலதுசாரி என்கிறது. இன்னொன்று குடியரசுவாதக் கட்சி என்கிறது. மூன்றாவது செய்தியோ, இடதுசாரியான ஷின் ஃபெயினிலிருந்து பிரிந்து வந்தது என்கிறது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றும் எப்படி ஒரே கட்சிக்குள் இருக்க முடியும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் சில சொற்கள்

1. குடியரசுவாதம். இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு அமெரிக்காவின் குடியரசுக் கட்சி நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தீவின் எந்த மூலையிலும் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு இடமில்லை, கவுண்டி எனப்படும் 32 மாவட்டங்களும் ஒரே குடியரசாக வேண்டும் என்று நினைப்பவர்தான் அயர்லாந்தில் குடியரசுவாதி. 1791இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய ஒன்றுபட்ட ஐரிஷ்காரர் சங்கம், 1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த ஈஸ்டர் எழுச்சி என்று வரும் மரபு அது. தீவு பிரிக்கப்பட்டபோது 26 கவுண்டிகள் தெற்கே தனி நாடாயின. 6 கவுண்டிகள் வடக்கு அயர்லாந்து என்ற பெயரில் பிரிட்டனோடு நின்றன. அந்தக் கோட்டை அழிப்பதுதான் குடியரசுவாதத்தின் முதல் வேலை.

2. சமூகப் பழமைவாதம். திருமணம், குடும்பம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றில் பழைய ஒழுங்கைக் காக்க நினைப்பது. கருக்கலைப்பு இதன் மையமான கேள்வி. வரி எவ்வளவு, தொழிலாளிக்கு என்ன உரிமை, அரசு வீடு கட்டித்தர வேண்டுமா என்பதைப் பற்றி இந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

3. டாயில். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை. இப்போது 174 இடங்கள், 43 தொகுதிகள். மேலவையின் பெயர் ஷானட், அதில் 60 பேர்.

4. ஏன்ட்டூ. ஐரிஷ் மொழியில் 'ஏன்' என்றால் ஒன்று. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ஏன்ட்டூ. ஒன்றுபடுதல் என்றும் பொருள், உடன்படுதல் என்றும் பொருள். தமிழில் ஒன்று என்பதிலிருந்து ஒன்றுதல் வருவது போலத்தான். தீவை ஒன்றுபடுத்துவது என்ற நோக்கம் பெயரிலேயே இருக்கிறது.

மூன்று கேள்விகள், மூன்று விடைகள்

எந்த ஐரிஷ் கட்சியை எடுத்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

1. எல்லைக்கோடு எங்கே இருக்க வேண்டும்?
2. நாட்டின் வளம் யாருக்கு எவ்வளவு போக வேண்டும்?
3. குடும்பம், பிறப்பு, இறப்பு பற்றிய சட்டத்தை எந்த அறம் வகுக்க வேண்டும்?

வலது, இடது என்ற ஒற்றைக் கோடு, இந்த மூன்றுக்கும் ஒரே திசையில் விடை வரும் என்று எதிர்பார்க்கிறது. அயர்லாந்தில் அப்படி வந்ததே இல்லை. அங்கே நூறு ஆண்டுகளாக மாறி மாறி ஆண்ட இரண்டு பெரிய கட்சிகளான ஃபியானா ஃபாயிலும் ஃபினா கேலும் பிரிந்தது வர்க்கத்தை வைத்து அல்ல. 1921இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையில், உள்நாட்டுப் போரில் பிரிந்தவை அவை. மற்றபடி பொருளாதாரத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு விரல் அளவுதான் தூரம். இன்று இரண்டும் கூட்டணி வைத்தே ஆள்கின்றன.

ஏன்ட்டூவின் விடைகள் இவை. முதல் கேள்விக்கு, எல்லைக்கோடு போக வேண்டும், 32 கவுண்டிகளும் ஒன்றாக வேண்டும். அதனால் அது குடியரசுவாதக் கட்சி. இரண்டாவதற்கு, வீட்டுவசதியிலும் மருத்துவத்திலும் அரசு பொறுப்பேற்க வேண்டும், டப்ளினிலேயே எல்லாம் குவியாமல் மேற்கிலும் கிராமங்களிலும் பரவ வேண்டும். இது இடது பக்கம் சாய்ந்த விடை. மூன்றாவதற்கு, கருவிலிருக்கும் உயிரைச் சட்டம் காக்க வேண்டும். அதனால் அது பழமைவாதக் கட்சி.

இந்த மூன்று விடைகளும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்தான் திகைப்பார். 1983இல் அயர்லாந்தின் கிராமத்து வாக்காளர் ஒருவரிடம் இதே மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் ஏறக்குறைய இதே விடைகள்தான் வந்திருக்கும். அப்போது இந்த விடைகளுக்குத் தனிக் கட்சி தேவைப்படவில்லை. 2019இல் தேவைப்பட்டது. இடையில் என்ன நடந்தது?

66.9இலிருந்து 66.4க்கு

1937 அரசியலமைப்புச் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு தனியிடம் கொடுத்தது. 1972இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித்தான் அந்த வாசகத்தை நீக்கினார்கள். மணமுறிவுக்குத் தடை 1995 வரை இருந்தது. அதை நீக்கிய வாக்கெடுப்பு நாடு முழுக்க வெறும் 9,114 வாக்கு வித்தியாசத்தில்தான் ஜெயித்தது.

1983இல் எட்டாவது திருத்தம் வந்தது. தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை என்று அது அரசியலமைப்பில் எழுதியது. ஆதரவு 66.9 சதவீதம். 2018 மே 25 அன்று அதே திருத்தத்தை நீக்க வாக்கெடுப்பு நடந்தது. நீக்கலாம் என்றவர்கள் 66.4 சதவீதம். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாடு அப்படியே திரும்பி நின்றிருக்கிறது. வேண்டாம் என்ற தரப்பு முந்திய ஒரே இடம் டொனிகால்.

இந்தத் திருப்பத்துக்குப் பல காரணங்கள். திருச்சபை நடத்திய சிறுவர் விடுதிகளில் நடந்த கொடுமைகளை 2009இல் வெளியான ரயன் அறிக்கை பக்கம் பக்கமாக எழுதிவைத்தது. நம்பிக்கை உடைந்தது. அப்புறம் 2012 அக்டோபர். கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து போய் கால்வேயில் குடியேறிய பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 31 வயது, 17 வார கர்ப்பத்தில் மருத்துவமனைக்குப் போனார். கரு நிலைக்காது என்று தெரிந்துவிட்டது. கருவை அகற்றக் கேட்டார். கருவில் இதயத் துடிப்பு இருந்ததால் மறுத்துவிட்டார்கள். ரத்தத்தில் தொற்று பரவி 28ஆம் தேதி அவர் இறந்தார். ஒரு சட்ட வாசகம் மருத்துவமனை வார்டில் என்ன செய்யும் என்பதை அயர்லாந்து அந்த ஒரு பெண்ணின் மரணத்தில் பார்த்தது. 2018 வாக்கெடுப்பின்போது டப்ளின் சுவர்களில் அவர் முகத்தை வரைந்திருந்தார்கள். அதற்கடியில் மக்கள் சிறு சிறு குறிப்புகளை எழுதி ஒட்டினார்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. எல்லோரும் திருச்சபையின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று நினைத்தால் தவறு. 1916 எழுச்சியின்போது வெளியான குடியரசுப் பிரகடனம், நாட்டின் எல்லாக் குழந்தைகளையும் சமமாகப் பேணுவதைக் குடியரசின் கடமையாகச் சொல்கிறது. பிறக்காத குழந்தையும் அதில் அடக்கம் என்பது இவர்களில் பலரின் வாதம். அந்த வாசகம் எழுதப்பட்டபோது மதப் பிரிவுகளைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள் என்பது வரலாற்று அறிஞர்களின் பொதுவான கருத்து. ஆனாலும் குடியரசுவாதத்தையும் கருக்கலைப்பு எதிர்ப்பையும் இணைக்கும் பாலமாக அந்த வாசகம் இன்றும் பயன்படுகிறது.

ஆக, 2018க்குப் பிறகு ஒரு வினோதமான நிலை. வாக்காளர்களில் மூன்றில் ஒருவர் ஒரு பக்கம். அவர்களுக்காகக் கட்சியாக நின்று பேச டாயிலில் கிட்டத்தட்ட ஆளே இல்லை.

கொறடாவும் மனசாட்சியும்

ஏன்ட்டூவின் தலைவர் பாடர் டோபீன். டப்ளினுக்கு வடமேற்கே மீத் கவுண்டியிலுள்ள நவன் என்ற ஊர்க்காரர். 2011இல் ஷின் ஃபெயின் சார்பில் மீத் மேற்குத் தொகுதியிலிருந்து டாயிலுக்குப் போனார்.

2013இல், சவிதாவின் மரணத்தைத் தொடர்ந்து, தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா வந்தது. டோபீன் எதிர்த்து வாக்களித்தார். கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. தண்டனைக் காலம் முடிந்து திரும்பி வந்தார். 2018 ஜூனில் நடந்த ஷின் ஃபெயின் மாநாடு, இந்தக் கேள்வியில் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்க அனுமதி கேட்ட தீர்மானத்தை நிராகரித்தது. அந்த இலையுதிர் காலத்தில் 12 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா டாயிலுக்கு வந்தது. டோபீன் மறுபடியும் எதிர்த்து வாக்களித்தார். இந்த முறை ஆறு மாத இடைநீக்கம். 2018 நவம்பர் 15 அன்று கட்சியை விட்டு விலகினார். 2019 ஜனவரி 28 அன்று புதுக் கட்சிக்கு ஏன்ட்டூ என்று பெயர் அறிவித்தார்.

இங்கே இந்திய வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். கொறடா உத்தரவை மீறியவருக்குப் பதவி போகவில்லையா? அயர்லாந்தில் போகாது. நம் நாட்டுக் கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற ஒன்று அங்கே இல்லை. கட்சி அவரை நீக்கலாம், ஆனால் இருக்கை மக்கள் கொடுத்தது, அது அவரிடமே இருக்கும். புதுக் கட்சி பிறந்த நாளிலேயே டாயிலில் அதற்கு ஓர் இருக்கை இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கருக்கலைப்பை எதிர்த்தவர்கள் ஃபியானா ஃபாயிலில் இன்னும் அதிகம். அங்கிருந்து ஏன் யாரும் பிரியவில்லை? அந்தக் கட்சி தன் உறுப்பினர்களை மனசாட்சிப்படி வாக்களிக்க விட்டுவிட்டது. எதிர்த்தவர்கள் எதிர்த்துவிட்டு, மறுநாள் அதே இருக்கையில் வந்து உட்கார்ந்தார்கள். ஷின் ஃபெயின் கட்டுப்பாட்டை உயிராக நினைக்கும் கட்சி. மாநாடு முடிவெடுத்தால் கடைசி உறுப்பினர் வரை அதற்குக் கட்டுப்பட வேண்டும். அந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் உயிர், மரணம் பற்றிய ஒரு கேள்வியில் அதே பிடியைப் போட்டது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஒரு கொள்கையை ஏற்பதும், அதை ஏற்காதவரை வெளியே தள்ளுவதும் வேறு வேறு முடிவுகள்.

சின்னக் கட்சி எப்படிப் பிழைக்கிறது

அயர்லாந்தின் வாக்குமுறையைப் புரிந்துகொள்ளாமல் ஏன்ட்டூவைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை அங்கே இல்லை. தொகுதிக்கு 3, 4 அல்லது 5 உறுப்பினர்கள். வாக்காளர் பென்சிலால் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடுவார். நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் எண் போடுவது போன்ற முறைதான், அங்கே மொத்த நாடும் அதைச் செய்கிறது.

கணக்கு இப்படி:

1. செல்லும் வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, விடையோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். அதுதான் வெற்றிக்கான அளவு.

2. மூன்று இடத் தொகுதியில் 40,000 வாக்கு என்றால் அளவு 10,001. அதாவது 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து இடத் தொகுதியில் 60,000 வாக்கு என்றாலும் அதே 10,001. ஆனால் அது 17 சதவீதத்துக்கும் குறைவு. தொகுதி பெரிதாக ஆகச் சின்னக் கட்சிக்குக் கதவு அகலமாகிறது.

3. அளவைத் தாண்டியவரின் உபரி வாக்குகளும், கடைசியில் வந்து வெளியேறியவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். இடங்கள் நிரம்பும் வரை இப்படிச் சுற்றுச் சுற்றாக நடக்கும்.

மூன்றாவது விதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் சுற்றில் 8 சதவீதம் மட்டும் வாங்கியவர், மற்றவர்களுக்கு வாக்களித்தோர் இரண்டாம், மூன்றாம் எண்ணைத் தனக்குப் போட்டிருந்தால் மேலே ஏறலாம். எல்லோரும் வெறுக்கும் வேட்பாளர் முதல் சுற்றில் அதிகம் வாங்கினாலும் அங்கேயே நின்றுவிடுவார். அதனால் தீவிரமாகப் பேசுவதைவிடப் பலருக்கும் பிடித்தவராக இருப்பது லாபம்.

வாக்கு எண்ணும் கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெட்டியைத் திறந்து சீட்டுகளை விரிக்கும்போது, தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்பார்கள். ஒவ்வொரு சீட்டிலும் 1 எங்கே என்று பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே போவார்கள். டேலி எடுப்பது என்பார்கள். எதிரிக் கட்சிக்காரர்களே சேர்ந்து டேலி எடுத்து, கணக்கைப் பகிர்ந்துகொள்வதும் வழக்கம். எந்தத் தெருவின் பெட்டியில் யாருக்கு எத்தனை என்பது அதிகாரப்பூர்வ முடிவுக்குப் பல மணி நேரம் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப் பெட்டி பெட்டியாகப் பார்த்தால்தான் டோபீனின் பலம் புரியும். நவன் மருத்துவமனையின் அவசரப் பிரிவை மூடும் திட்டத்துக்கு எதிரான இயக்கத்துக்குத் தலைமை தாங்குபவர் அவர். ராத்திரி நெஞ்சுவலி வந்தால் வேறு ஊருக்கு ஓட வேண்டுமா என்பது மீத் மக்களுக்குக் கொள்கை விவாதம் இல்லை. அவருக்கு எண் போடுபவர்களில், 2018இல் நீக்கலாம் என்று வாக்களித்தவர்களும் கணிசமாக இருப்பார்கள் என்பது என் கணிப்பு. கருக்கலைப்பு எதிர்ப்புக் கட்சி என்ற ஒற்றை அடையாளம் இதை மறைத்துவிடுகிறது.

1.9 சதவீதத்தின் விலை

முதல் பொதுத்தேர்தல் 2020 பிப்ரவரி. ஏன்ட்டூவுக்கு நாடு முழுக்க 1.9 சதவீதம், டோபீனுக்கு மட்டும் இடம். அரசு நிதி பெறக் கட்சிக்கு 2 சதவீதம் முதல் விருப்ப வாக்கு வேண்டும். ஒரு மயிரிழையில் போனது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கதை ரெனுவா. 2013 மசோதாவை எதிர்த்ததால் ஃபினா கேல் நாடாளுமன்றக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட லூசிண்டா கிரைட்டன் 2015இல் தொடங்கிய கட்சி அது. 2016 தேர்தலில் 2.2 சதவீதம் வாங்கியது, ஓர் இடம்கூட இல்லை. ஆனால் 2 சதவீதத்தைத் தாண்டியதால் அரசு நிதி வந்தது. ஒன்றுக்குப் பணம் இருந்தது, பேச இருக்கை இல்லை. மற்றொன்றுக்கு இருக்கை இருந்தது, பணம் இல்லை. எது பிழைத்தது என்று பாருங்கள். ரெனுவா கரைந்துபோனது. டாயிலில் எழுந்து நின்று கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்த கட்சி நிலைத்தது.

2024 நவம்பர் 29 பொதுத்தேர்தலில் ஏன்ட்டூ 3.9 சதவீதத்துக்கு ஏறியது. டோபீனோடு மேயோ தொகுதியில் பால் லாலெஸும் ஜெயித்தார். மேயோ ஐந்து இடத் தொகுதி என்பதைக் கவனியுங்கள். அரசு நிதிக்கான தடையும் நீங்கியது. 2025 ஜனவரியில் கேவனைச் சேர்ந்த சாரா ஓ'ரெய்லி மேலவைக்குப் போனார்.

2024 மார்ச்: கட்சிகளும் மக்களும் பிரிந்த நாள்

இந்த ஏற்றத்துக்கு இடையில் ஒரு நாள் முக்கியம். 2024 மார்ச் 8, பெண்கள் தினம். அன்று இரண்டு மக்கள் வாக்கெடுப்புகள். ஒன்று, குடும்பம் என்பதற்கான விளக்கத்தில் திருமணத்தோடு வேறு நிலையான உறவுகளையும் சேர்ப்பது. மற்றது, பெண் வீட்டுக்குள் ஆற்றும் பணியைப் பற்றிய 1937 வாசகத்தை எடுத்துவிட்டு, குடும்பத்தார் ஒருவருக்கொருவர் செய்யும் பராமரிப்பைப் பற்றிப் புது வாசகம் சேர்ப்பது. ஆளும் கட்சிகள், ஷின் ஃபெயின், தொழிற்கட்சி எல்லாம் ஆம் என்றன. ஏன்ட்டூ இரண்டுக்கும் வேண்டாம் என்றது. வேண்டாம் தரப்பின் முகமாகத் தொலைக்காட்சி விவாதங்களில் வந்து பேசியவர்தான் மரியா ஸ்டீன்.

முடிவு: குடும்பத் திருத்தத்துக்கு எதிராக 67.7 சதவீதம். பராமரிப்புத் திருத்தத்துக்கு எதிராக 73.9 சதவீதம்.

நாடு மறுபடியும் பழமைவாதத்துக்குத் திரும்பிவிட்டது என்று இதைப் படிப்பது தவறு. நிலையான உறவு என்றால் என்ன என்று யாராலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும், புது வாசகம் அரசின் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறது என்று இடது பக்கத்திலிருந்தே எதிர்த்தார்கள். வேண்டாம் என்ற பெட்டிக்குள் பல விதமான வேண்டாம்கள் விழுந்தன. ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. டாயிலின் பெரும்பான்மை ஒரு பக்கம் நிற்க, மக்களில் மூன்றில் இரண்டு பங்கு மறுபக்கம் நின்றார்கள். அந்த இடைவெளியில் நின்றிருந்த மிகச் சில கட்சிக்காரர்களில் டோபீன் ஒருவர். அதே ஆண்டு ஜூன் உள்ளாட்சித் தேர்தலில் கட்சிக்கு 8 இடங்கள் வந்தன.

எல்லைக்கோட்டுக்கு வடக்கே

ஏன்ட்டூ இரு பக்கமும் இயங்கும் கட்சி. ஆனால் வடக்கில் அது தேறவில்லை. 2022 சட்டமன்றத் தேர்தலில் 1.5 சதவீதம், இடம் எதுவும் இல்லை.

காரணம் மேலே சொன்ன மூன்று கேள்விகளிலேயே இருக்கிறது. வடக்கில் முதல் கேள்வி மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். தேசியவாதி ஒருவர் கருக்கலைப்பை மனதார எதிர்த்தாலும், தீவு ஒன்றுபட வலுவான கட்சி தேவை என்று ஷின் ஃபெயினுக்கே எண் போடுவார். 2019இல் வடக்கில் கருக்கலைப்பைக் குற்றமற்றதாக்கியது லண்டன் நாடாளுமன்றம். அதை ஏன்ட்டூ எதிர்த்தது. பிரிட்டனோடு நிற்க வேண்டும் என்பதற்காகவே வாழும் ஜனநாயக ஒன்றியக் கட்சியும் எதிர்த்தது. முதல் கேள்வியில் நேரெதிர், மூன்றாவதில் ஒரே விடை.

ஒரு நாள் தீவு ஒன்றுபட்டால், வடக்கிலுள்ள புராட்டஸ்டன்ட் பழமைவாதிகள் டப்ளின் டாயிலில் யாரோடு உட்காருவார்கள் என்பது நியாயமான கேள்வி. ஏன்ட்டூ அங்கே தனக்கு ஓர் இடம் இருக்கும் என்று நம்பலாம். ஆனால் கத்தோலிக்க அயர்லாந்தின் நினைவாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரு கட்சியை அவர்கள் எவ்வளவு நம்புவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

தீவிர வலதா?

அயர்லாந்தில் ஏராளமான இந்தியர்கள் வேலை பார்க்கிறார்கள், தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. 2025 கோடையில் டப்ளினில் இந்தியர்கள் தாக்கப்பட்ட பிறகு இந்தக் கேள்வி அவர்களுக்குச் செய்தித்தாள் கேள்வி இல்லை. ஆகவே நேராகச் சொல்லிவிடலாம்.

குடியேற்றத்தை இன்னும் கட்டுப்படுத்த வேண்டும், புகலிட விண்ணப்பங்களை விரைவாக முடிக்க வேண்டும், ஊர்மக்களிடம் பேசாமல் முகாம் அமைக்கக் கூடாது என்பது ஏன்ட்டூவின் நிலைப்பாடு. கடந்த சில ஆண்டுகளில் இந்தக் குரல் அதன் பேச்சில் உரத்திருக்கிறது. இதை ஏற்காமல் இருக்கலாம், கடுமையாக விமர்சிக்கலாம். ஆனால் ஐரிஷ் இனத்தூய்மை பேசி வெளிநாட்டவரையே எதிரியாக்கும் குழுக்கள் அங்கே தனியாக இருக்கின்றன. டாயிலில் அவற்றுக்கு இடமில்லை. அவற்றையும் ஏன்ட்டூவையும் ஒரே பெயரால் அழைத்தால் உண்மையான ஆபத்து எது என்று தெரியாமல் போய்விடும்.

அதே நேரத்தில், ஏன்ட்டூ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசு மேல் கோபமான வாக்குகள் கட்சியை நோக்கி வரும்போது அந்தக் கோபத்தின் வகையைப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளும் ஆசை எந்தச் சிறு கட்சிக்கும் வரும். மேலே சொன்ன வாக்குமுறை இதற்கு ஓரளவு அணை போடுகிறது. மற்றவர்களின் 2, 3 எண்கள் வேண்டுமென்றால் அவர்களைப் பயமுறுத்தக் கூடாது.

2 பேரால் என்ன செய்ய முடியும்

1. டாயிலில் பேசும் நேரம் குழுக்களுக்குத்தான் கிடைக்கும். குழுவுக்குக் குறைந்தது 5 பேர் வேண்டும். அதனால் ஏன்ட்டூ வேறு சிறு கட்சிகள், சுயேச்சைகளோடு சேர்ந்தே நிற்க வேண்டியிருக்கிறது.

2. ஷின் ஃபெயினுக்கு இது ஓயாத உறுத்தல். 2020இல் 24.5 சதவீதம் வாங்கிய அந்தக் கட்சி 2024இல் 19 சதவீதத்துக்கு இறங்கியது. போனவர்கள் எல்லோரும் ஏன்ட்டூவுக்குப் போகவில்லை, பலர் சுயேச்சைகளிடம் போனார்கள். ஆனாலும் தீவு ஒன்றுபட வேண்டும் என்று நினைக்கும், சமூகக் கேள்விகளில் பழைய வழியில் நிற்கும் வாக்காளருக்கு இப்போது வேறொரு வாசல் இருக்கிறது.

3. வேட்பாளர் நியமனம். ஸ்டீனுக்கு 2 கையொப்பம் குறைந்தது. அதாவது 2024 தேர்தலில் இன்னும் இரண்டு தொகுதிகள் கை கொடுத்திருந்தால் வாக்குச்சீட்டில் அவர் பெயர் அச்சாகியிருக்கும். கையொப்பம் கிடைக்காதவர்களுக்கு வேறு ஒரு வழியும் உண்டு. 31 உள்ளாட்சி மன்றங்களில் 4 மன்றங்கள் முன்மொழிந்தால் போதும். ஆனால் அங்கே கணக்கைத் தீர்மானிப்பது இரண்டு பெரிய கட்சிகளின் உறுப்பினர்கள். ஏன்ட்டூ 2024இல் வென்றது நாடு முழுக்க 949 இடங்களில் 8.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029இல். குடியரசுத் தலைவர் தேர்தல், பதவிக்காலம் ஏழு ஆண்டு என்பதால், 2032இல்.